கண்ணாடி தேடாத காலை

மூன்றாம் வகுப்பில் என் மூக்கில் ஏறிய கண்ணாடி அறுபது வயது தாண்டியும் இறங்கவில்லை. திருவண்ணாமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, பத்திரம், ஆதார் என்று நாள் முழுக்கப் பொடி எழுத்துகளோடுதான் பிழைப்பு. அந்த எழுத்துகள் பனிக்குள் போய்விட்டதுபோல மங்கத் தொடங்கின. இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர்.

"சாதா லென்ஸ் வெச்சா தூரம் நல்லா தெரியும். படிக்கறதுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். இன்னொரு லென்ஸ்ல தூரம், கிட்ட ரெண்டும் தெரியும். ஆனா இருட்டினா லைட்டச் சுத்தி வளையம் தெரியலாம். பரவாயில்லையா?"

வளையம்தானே என்று இரண்டாவதைக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஜன்னலில் மலை நின்றது, இப்போதுதான் கழுவி வைத்ததுபோல. இடது கண்ணுக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை நான் இரண்டு ஊர்களில் வாழ்ந்தேன். வலது கண்ணின் ஊரில் வானம் நீலம், என் வேட்டி வெள்ளை. இடது கண்ணின் ஊரில் எல்லாமே டீத்தண்ணி தெளித்த நிறம். அதைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெருவில் நடக்கும்போதே ஒரு கண்ணை மூடி, இன்னொன்றைத் திறந்து, ஊர் விட்டு ஊர் போய்வந்தேன்.

"ரோட்டுல யாரப் பாத்துக் கண்ணடிக்கறீங்க? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க," என்றாள் மனைவி.

இடது கண்ணும் ஆன பிறகு ஒரு விடியலில் விழிப்பு வந்தது. பழக்கத்தில் கை கண்ணாடியைத் தேடியது. அதற்குள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் முகம் தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து, கண் விழித்ததும் அவள் எனக்குக் கலங்கலான உருவம்தான். நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் எழுந்து போயிருப்பாள். இப்போது நெற்றியில் ஒட்டிய முடி, மூச்சுக்கு லேசாக அசையும் மூக்குத்தி, எல்லாம் தெரிந்தன. கனவின் மிச்சமோ என்று அசையாமல் படுத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து இருவரும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"லென்ஸ் திருப்தியா இருக்குதுங்களா சார்?"

"திருப்திதாம்மா. வெளிச்சம் கம்மியா இருந்தா பொடி எழுத்துதான் கொஞ்சம் மெதுவா வருது."

"லைட்டச் சுத்தி வளையம் தெரியுதுங்களா?"

அப்போதுதான் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வட்டங்கள். பாதை நெடுக அவை மிதந்துகொண்டே போயின.

"தெரியுதும்மா."

"தொந்தரவா இருக்குதா?"

"இல்ல. அதுபாட்டுக்கு இருக்குது."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "எனக்கும் பொர வந்தா இதே லென்ஸ்தான் வெக்கணுமா?"

"அது உன் இஷ்டம். உனக்கு எது வேணும்?"

டீயை ஆற்றியபடி விளக்குகளைப் பார்த்தாள். அவளுக்கு அவை வெறும் விளக்குகள்.

"சாதாவே போதும். கண்ணாடி போட்டா டீச்சரம்மா மாதிரி இருப்பேன்," என்றாள்.

டம்ளரை வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.