தள்ளாத வயது

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு: தள்ளிக்கொண்டிருப்பவர்கள், இனித் தள்ளப்போகிறவர்கள். நான் வெள்ளவத்தையில் பல் டொக்டர். பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு ஆசைக்கு ஒரு மொரிஸ் மைனர் வாங்கி, நானே கழற்றி நானே பூட்டுகிறேன். அதற்கு என்னைவிட வயது கூட. 'தள்ளாத வயது' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் இந்தக் காரைப் பார்த்திருந்தால் வேறு சொல் தேடியிருப்பார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நின்றால் பக்கத்தில் வந்து இருங்கள், ஒன்றாக அழுவோம்.

கறுத்த நகம்

ஒரு ஞாயிறு முழுக்கக் காபரேட்டரோடு கிடந்தேன். அதன் துளை ஊசி முனையளவு. அடைத்துக்கொண்டால் கார் இருமும். எந்தக் கம்பியும் உள்ளே போகவில்லை. பல்லின் ஓட்டையைக் கிண்டும் கொக்கி ஊசி, நான் கழித்துப்போட்டது ஒன்று, அச்சொட்டாகப் போனது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட்! சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

திங்கள் காலை, கடைவாய்ப் பல் வலியோடு ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வந்து கதிரையில் சாய்ந்தார். நான் கையுறை போடுவதற்குள் என் நகங்களைக் கண்டுவிட்டார்.

"டொக்டர், நீங்கள் பல்லுப் பிடுங்கிறனீங்களோ, எஞ்சின் இறக்கிறனீங்களோ? எனக்கு வலி நிண்டிட்டுது, நான் போட்டு வாறன்."

பஞ்சிகாவத்தையில் ஒரு சிரிப்பு

அடுத்தது பெற்றோல் பம்ப். சாவியைத் திருப்பினால் பொனற்றுக்குள் அது டக் டக் என்று அடிக்கவேண்டும்; அடித்தால்தான் எஞ்சினுக்குப் பெற்றோல். எங்களுடையது நினைத்தால் அடிக்கும், இல்லாவிட்டால் மௌனவிரதம். பழைய சாமான்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். புதிது எங்குமில்லை. கடைசிக் கடைக்கார முஸ்லிம் நானா, நான் கட்டிக்கொடுத்த பல் தெரியச் சிரித்தபடி, என் பம்பையே பிரித்துத் துடைத்துப் பூட்டித் தந்தார்.

"டொக்டர், பல்லுக்கும் பம்புக்கும் ஒரே கததான். ஒரிஜினல் போனா, இருக்கிறத வெச்சிச் சமாளிக்கோணும். சத்தம் வரல்லண்டா லேசா ஒரு தட்டுத் தட்டுங்க."

வத்சலாவின் கட்டளை

நானா சொன்னதை வீட்டில் சொன்னபோது சிரித்த என் மனைவி வத்சலா, நான் சாவியைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்து ஸீற்றில் கண்ணை மூடிக்கொள்வாள். பிள்ளையாரைக் கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கோயிலுக்குப் போகும் வழியில் காலி வீதி நடுவில் மைனர் நின்றுவிட்டது. பற்றறியோ பிளக்கோ, எது போனாலும் வெள்ளவத்தைக்குத் தெரிந்த வைத்தியம் தள்ளுவதுதான். மரக்கறிக்காரர் தள்ளினார், த்ரீவீல்காரர் தள்ளினார், பட்டுச் சேலையோடு வத்சலாவும் தள்ளினாள். கார் கிளம்பியது. சேலையில் கறுப்புக் கிறீஸ். வீட்டு வாசலில் இறங்கியதும் கட்டளை பிறந்தது.

"இஞ்சாருங்கோ, தங்கச்சியின்ர மகளின்ர கலியாணத்துக்குக் கொட்டாஞ்சேனைக்கு இதிலதான் போறம். ஒருத்தரும் தள்ளாமல் போய்ச் சேர்ந்தால் வச்சிருங்கோ. ஒருக்கால் தள்ளினாலும், அடுத்த நாளே வித்துப்போட வேணும்."

ஆமர் வீதிச் சந்தி

கலியாணத்தன்று வேட்டி சால்வையோடு ஓட்டினேன். கொள்ளுப்பிட்டி தாண்டியது, புறக்கோட்டை நெரிசலும் தாண்டியது. மண்டபம் கூப்பிடு தூரம். ஆமர் வீதிச் சந்தியில் மைனர் இருமியது, நின்றது. பின்னால் பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து, "அய்யே, தல்லு கரமுத?" என்றார்கள். சிங்களத்திலும் அதே பாழாய்ப்போன சொல்! "எபா, எபா! தொடவேண்டாம்!" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். பொனற்றைத் திறந்து பிளக் வயரை இழுத்தேன், பற்றறியை ஆட்டினேன். இதை விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வேன்?

வத்சலா இறங்கி வந்தாள். "டக் டக் கேக்கேல்லையே" என்றாள். ஒற்றைச் செருப்பைக் கழற்றி, குதியால் பம்பில் ஒரு தட்டு. டக், டக், டக். நான் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை இழுத்தேன். மைனர் உறுமியது, நாலு பேரும் கைதட்டினார்கள். இவ்வளவு காலமும் அவள் கண்ணை மூடியது பிள்ளையாருக்கல்ல, பம்பின் சத்தத்துக்கு என்று அப்போதுதான் விளங்கியது.

தாலி கட்டுமுன் மண்டப வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாப்பிள்ளைக்குக்கூட அன்று அவ்வளவு சந்தோஷம் இருந்திராது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. "அப்ப, விக்கவேணுமோ?" என்றேன். அவள் சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"தள்ளக்கூடாது எண்டுதான் சொன்னனான். தட்டக்கூடாது எண்டு சொல்லேல்லையே."

மைனர் இன்னமும் என் பெயரில்தான் இருக்கிறது. டிக்கியில் என் ஸ்பானர்களுக்கு மேலே வத்சலாவின் ஒற்றைச் செருப்பும் இருக்கிறது.