செவ்வாய்க்கிழமை யாருடையது

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மில்லைத் திட்டும்போது வசதியாக இருக்கும். என் செவ்வாய்க்கிழமையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானே முத்து முத்தான கையெழுத்தில், மார்ஜின் விட்டு, எழுதிக் கொடுத்தேன்.

தொப்பூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில், பேக்கிங் செக்ஷனில் எனக்கு வேலை. மில் எந்த நாளும் நிற்காது என்பதால் செக்ஷனுக்கு ஒரு கிழமை என்று வார விடுமுறை. எங்களுக்கு விழுந்தது செவ்வாய். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு யாரும் கல்யாணம் வைப்பதில்லை, புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. சரி, முடியாவது வெட்டிக்கொள்ளலாம் என்று போனால் சலூன் பூட்டியிருக்கும். ஊரே வேண்டாம் என்று தள்ளிவைத்த கிழமையைப் பொறுக்கி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் அது என் நாள். சும்மா கிடந்தாலும் என் பாயில் கிடப்பேன்.

என் மச்சினனுக்குப் பாப்பாரப்பட்டியில் ஒரு திங்கட்கிழமை கல்யாணம். செவ்வாயில் பெண்ணை அனுப்புகிற வழக்கமில்லை, புதன்கிழமை அழைத்துப் போங்கள் என்று பெண் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எனக்கு மிச்சமிருந்தது மூன்று நாள் லீவு. திங்களும் புதனும் மச்சினனுக்கு. மீதி ஒன்று என் மகளுக்கு. அவளுக்குச் சேலத்தில் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள். நான் கூடப் போகாமல் வேறு யார் போவது?

லெட்டர் எழுத உட்கார்ந்தபோதுதான் புத்தி கெட்டது. 'திங்கள், புதன், இரண்டு நாள்' என்று எழுதினால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதே என்று, கல்யாணப் பத்திரிகைத் தோரணையில் 'திங்கள் முதல் புதன் வரை' என்று எழுதினேன். எழுதியதோடு விடாமல் இரண்டு முறை படித்து ரசித்தேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. நடுவில் வந்த செவ்வாயன்று பந்தலில் நாற்காலிகளை வரிசையாகச் சேர்த்துப் போட்டுத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கும் ஆபீஸில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை, மகளுக்காக வியாழன் லீவு கேட்டுப் போனேன். லீவு கணக்குப் பார்ப்பது புதிதாக வந்த ஒரு பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு லீவே இல்லைங்கண்ணா. போன வாரமே மூணும் முடிஞ்சிருச்சு."

"ரெண்டுதாம்மா எடுத்தேன். செவ்வா எனக்கு ஆஃப்."

"ரெண்டு லீவுக்கு நடுவுல ஆஃப் வந்தா அதுவும் லீவுதாங்கண்ணா. சாண்ட்விச் ரூல். நோட்டீஸ் போர்டுல போட்டிருக்குது."

"அதுவாம்மா? கேன்டீன்ல புதுசா ஏதோ போடறாங்கன்னு செக்ஷன் பூராவும் சொல்லி வெச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் என் லெட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்களே 'முதல்', 'வரை'ன்னு எழுதியிருக்கீங்க. நடுவுல இருக்கறது எங்கண்ணா போகும்?"

என் தமிழே திரும்பி என்னைக் கடித்தது.

லீவு இல்லாமல் போனால் ஆப்சென்ட், ஆப்சென்ட் போட்டால் மெமோ. என்னிடம் ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கிறது. அதற்கு ஜோடி தேட எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். ஒரு நாள் லீவு போடவேண்டுமென்றால் அன்றைக்கு எனக்கு வேலை இருக்க வேண்டும். வேலையே இல்லாத நாளில் நான் எதிலிருந்து லீவு எடுத்தேன்?

மறுநாள் செவ்வாய். விடிந்ததும் யூனிஃபார்மை மாட்டினேன்.

"இன்னிக்கு ஆஃபுங்க உங்களுக்கு," என்றாள் மனைவி.

"தெரியும். அதுக்குத்தான் போறேன்."

இந்த மாதிரிப் பதில்களுக்கு அவள் மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. சோற்று டப்பாவை மூடிக் கொடுத்தாள்.

மில் கேட்டில் வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார். "என்னப்பா, வூட்ல சண்டையா? இன்னிக்கு உங்க செக்ஷன் ஆஃப் ஆச்சே."

"உங்களுக்குத் தெரியுது, ஆபீசுக்குத் தெரியலைங்களே. போன செவ்வா நான் லீவுன்னு எழுதி வெச்சிருக்காங்க. அப்ப செவ்வாயில வேலை இருக்குதுன்னுதானே அர்த்தம்? வந்துட்டேன்."

உள்ளே போய் அட்டெண்டன்ஸ் மெஷினில் கட்டைவிரலை வைத்தேன். அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் செக்ஷன் பூட்டியிருந்ததால், வாசலில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். ஸ்பின்னிங் பக்கம் போன ஒருவன், "என்னண்ணா, சாண்ட்விச் வந்துருச்சா?" என்றான்.

"நடுவுல வெக்க ஒரு ஆள் வேணுமாம். வர்றியா?"

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் பெண்ணே வந்து நின்றாள். "அண்ணா, இன்னிக்கு உங்களுக்கு ஆஃபுங்க. வூட்டுக்குப் போங்க."

"போயிடறேம்மா. செவ்வாக்கிழமை எனக்கு ஆஃப்னு ஒரு வரி எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தால் போன செவ்வாயைத் திருப்பித் தர வேண்டும். கொடுக்காவிட்டால் நான் இன்று டியூட்டியில் இருக்கிறேன், அதற்கும் ஒரு நாள் தர வேண்டும். ஆஃப் நாளில் வேலைக்கு வந்தவனுக்கு மாற்று விடுமுறை உண்டு. அதுவும் அதே நோட்டீஸ் போர்டில்தான் இருந்தது. இந்த முறை ஒழுங்காகப் படித்திருந்தேன்.

"ஒரு நாளுக்காவாண்ணா இவ்வளவு?"

"ஒரு நாள்தாம்மா. ஆனா என்னுது. பொண்ணு காலேஜ் சேர்றா, பார்த்துக் குடுங்கன்னு கெஞ்சினா நீங்க குடுப்பீங்க. கெஞ்ச மாட்டேன். என்னுதை எதுக்குக் கெஞ்சி வாங்கணும்?"

அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நூல் சுற்றிய கோன்களில் அறுந்துபோன ஒன்றை அப்படித்தான் பார்ப்பார். அவள் திரும்பி வந்து, "போன செவ்வாயைத் திருப்பிப் போட்டாச்சுங்கண்ணா. வியாழன் போய்ட்டு வாங்க. உங்களுக்கு மட்டும்தான், வெளிய சொல்லக் கூடாதுன்னாரு," என்றாள்.

டீ வருவதற்குள் மில் முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்த ரூல் இன்னும் போர்டில்தான் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இப்போது லீவு லெட்டர் எழுதுகிறவர்கள் முதலில் என்னிடம் காட்டுகிறார்கள். 'முதல்', 'வரை' எங்கே கண்ணில் பட்டாலும் அடித்துவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை மகளோடு சேலம் பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. கதை சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாட்ச்மேன் குரலில் கொஞ்சம், ஆபீஸ் பெண் குரலில் கொஞ்சம் என்று முழுவதையும் நடித்துக் காட்டினேன். முன்சீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்தே கேட்டார். முடித்துவிட்டு, "எப்படி உங்கப்பன்?" என்றேன்.

மகள் சர்டிபிகேட் ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"காலேஜ்ல வந்து வாயத் தொறக்காதீங்கப்பா."