பூசணம் சீனி குடித்த கதை

பூசணத்துக்குச் சீனித் தண்ணீர் வைத்துவிட்டு, அது குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஓர் உத்தியோகம்தான்; ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவர்களுக்கு என் பாடு புரியும். அறுபதுகளில் திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்தேன்.

கேட்டு வாங்கிய பூசணம்

பேகம்பூர் தோல் வியாபாரி கரீம் பாய்க்கு மழைக்காலம் வந்தாலே கவலை. அடுக்கி வைத்த தோலில் பச்சைப் பூசணம் பூத்துவிடும், விலை போகாது. அதில் ஒரு துண்டு கேட்டுப் போனேன். அந்தப் பச்சைத் தூள்தான் பூசணத்தின் விதை, முளைக்கும்போது சீனியை எப்படி உள்ளே இழுக்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்றேன். துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னார்: “இதை ஒழிக்கத்தான் எல்லாரும் வழி கேக்குறாக. சோறு போட்டு வளக்க வாங்கிட்டுப் போறது நீங்க ஒருத்தர்தான் டீச்சரம்மா.”

இறங்காத சீனி

விதைகளைக் குளுக்கோஸ் தண்ணீரில் போட்டேன். அவ்வப்போது அதில் கொஞ்சம் எடுத்து நீல மருந்தோடு காய்ச்சினால், சீனி இருக்கும்வரை செங்கல் நிறம் காட்டும். காலையிலிருந்து நிறம் குறையவே இல்லை. துறைத் தலைவரோ, இந்தப் பருவத்துக்குள் ஒன்றும் தேறாவிட்டால் என் மேசையை வேறொருவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். கண் கலங்கிவிட்டது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். விதைகள் அப்போதுதான் உப்பிக்கொண்டிருந்தன. மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றிலும் மெல்லிய குழல் நீண்டது. அதன்பின் நிறமும் வெளிறத் தொடங்கியது. வேதியியல் நடத்தும் ராஜம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தூங்குற பிள்ளைக்கு ஊட்டிட்டு, முழுங்கலையேன்னு அழுதிருக்கே.”

பட்டினி கிடந்த குடுவை

ஒருமுறை குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது. முளைத்த விதைகளில் பாதி, முன்பே கரைத்து வைத்திருந்த கெட்டிக் கரைசலில் சுகமாகக் கிடந்தது. மறுபாதியைச் சீனியில்லாத உப்புத் தண்ணீரில் விட்டுவிட்டு, மதுரை பஸ்ஸில் வரவேண்டிய புட்டிக்காகக் காத்திருந்தேன். வந்ததும் இரண்டையும் கழுவி, ஒரே மாதிரி நீர்த்த கரைசல் கொடுத்தேன். செத்திருக்கும் என்று நினைத்த பட்டினிக் கூட்டம் கிடுகிடுவென்று சீனியைக் காலி பண்ணியது. வயிறு நிறைந்த கூட்டம் மெத்தனமாக இருந்தது.

நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பச் செய்தேன், அதேதான். வேகம் பிடித்ததை மறுபடி கெட்டிக் கரைசலில் வைத்தால் வேகம் தணிந்தது. உள்ளே இழுப்பதைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் கையில் இருந்தது. தலைவர் அதற்குப்பிறகு மேசைப் பேச்சை எடுக்கவில்லை.

விஷயம் கேட்க வந்த கரீம் பாயிடம் குடுவையைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தோலை நல்லாக் கழுவி வச்சா பட்டினியில செத்துப்போகும்னு இருந்தேன். அது வேகமாத் திங்கவுல்ல பழகிக்கிருது.”

சீனி எந்த வழியாக உள்ளே போகிறது என்று கடைசிவரை தெரியாமலே, எப்போது வேகமாகப் போகும் என்பதை மட்டும் எழுதி நான் பட்டம் வாங்கிவிட்டேன்.