நீலாக்காவின் வெள்ளை எலிகள்

பூனாவை அடுத்த கசார்வாடியில் நாங்கள் குடியிருந்த சாலுக்கு, அதாவது வரிசை வீட்டுக்கு, பத்து அறைகள், ஒரே நீளத் தாழ்வாரம், தகரக் கூரை. கடைசி அறை எங்களுடையது. அதற்கு முந்தின அறைக்கு 1958 ஜூன் மாதம் நீலாக்கா வந்தார். கல்யாணமாகி இருபது நாள். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், திண்டிவனத்திலிருந்து ரயிலில் சுமந்து வந்த அம்மிக் குழவி. குழவி மட்டும்தான். அம்மி பாரம் என்று மாமியார் விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டாராம்.

அவர் கணவர் ஜம்பு ஒரு வருஷமாக அந்த அறையில் தனியாக இருந்தார். பம்பாய் ரோட்டில் இரண்டு மைல் தள்ளி ஒரு மருந்துக் கம்பெனியில் அவருக்கு வேலை. சோதனைக்கு வைத்திருக்கும் எலிகளுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, ஊசி போடும்போது பிடித்துக் கொடுப்பது.

தனியாக இருந்தார் என்று நாங்களும்தான் நினைத்திருந்தோம். மூலையிலிருந்த தேயிலைப் பெட்டியின் மேல் போட்டிருந்த சாக்கை நீலாக்கா விலக்கியபோது எழுப்பிய சத்தத்தில், எங்கள் அம்மா கையில் கரண்டியோடு ஓடினார். நான் பின்னால் போனேன். பெட்டிக்குக் கம்பி வலை அடித்திருந்தது. உள்ளே இரண்டு வெள்ளை எலிகள், சிவந்த கண்களோடு. ஒன்றுக்கு நெற்றியில் மஞ்சள், இன்னொன்றுக்கு வாலடியில் மஞ்சள்.

"எலிக்கு மஞ்சள் பூசி வெச்சிருக்கீங்களே, என்னாங்க இது? பூசை பண்றீங்களா?" என்றார் நீலாக்கா.

"மஞ்சள் இல்ல நீலா, சாயம். எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குதில்ல, எது எதுன்னு தெரியறதுக்கு கம்பெனில வெக்கிறது."

"உங்களுக்கு வேற வேலையே கெடைக்கலையா?"

"கெடச்சுது. அதுல பென்சன் இல்ல."

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நம்ம ஊருல எலிக்குப் பாஷாணம் வெப்போம். இங்க பாரு, பருப்பு சோறு!"

ஜம்பு சொன்ன விவரம் இதுதான். புது மருந்தைச் சோதிக்கும்போது பாதி எலிகளுக்கு மருந்து ஊசி, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. இந்த இரண்டும் உப்புத்தண்ணீர் வாங்கிக்கொண்டவை. நோய் நொடி இல்லை. கடைசி நாளன்று ஜம்பு கையில் இவை இரண்டும் மிச்சம். மேலதிகாரி பத்மநாபன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜம்பு, நான் கண்ணாடி துடைக்கணும்" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாராம். அவர் மறுபடி மாட்டிக்கொள்வதற்குள் எலிகள் சாப்பாட்டுக் கேரியருக்குள் போய்விட்டன.

"அந்தக் கேரியர்லதான் இப்பவும் சோறு எடுத்துட்டுப் போறீங்களா?"

"கழுவிட்டேன் நீலா."

நீலாக்கா ஒரு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் எங்காவது விட்டுவிட்டு வர வேண்டும். எங்கே விடுவது என்று ஜம்புவுக்குத் தெரியவில்லை. காக்கையையும் பூனையையும் பார்த்தே அறியாத பிராணிகள் அவை.

அந்த ஒரு வாரம் முழுக்க ஜம்புவுக்குப் பகல் ஷிப்டு. நீலாக்காவுக்கு மராத்தி தெரியாது, இந்தியும் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். குழாயடியில் பெண்கள் பேசிச் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று நினைத்துக் குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார். நாலாம் நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, ஊரில் தங்கைக்கு எழுத நினைத்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்தால், நெற்றியில் மஞ்சள் இருந்த எலி இரண்டு கையாலும் வலையைப் பிடித்து எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தப் பூனாவுல என் பேச்ச மொதல்ல நின்னு கேட்டது அதுதான் ரமா," என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

கெடு முடிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எலிகளுக்கு நெத்தி, வாலு என்று பெயர் வந்தது. இரண்டு மாதத்தில் சாயம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு குணத்தை வைத்துத்தான் அடையாளம். நெத்தி, ரவிக்கைக் கை வழியாக ஏறித் தோளில் உட்கார்ந்து பல்லை மெல்ல நறநறவென்று தேய்க்கும். அது சந்தோஷத்தின் சத்தம். வாலு திருடி. ஜம்புவின் சட்டைப் பொத்தான், அம்மாவின் கிராம்பு, என் ரப்பர் எல்லாம் அந்தப் பெட்டியின் ஒரே மூலையிலிருந்து கிடைத்தன.

பெட்டிக்குள் பரப்ப மரத்தூள் வேண்டும், ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாற்றம். ரோட்டுக்கு எதிரே ஒரு மர அறுப்புக் கடை இருந்தது. அங்கே போய் நின்று கேட்பதற்காகத்தான் நீலாக்கா தன் முதல் மராத்திச் சொல்லைக் கற்றுக்கொண்டார்: புசா, மரத்தூள். அடுத்து கம்பு, வேர்க்கடலை, முள்ளங்கித் தழை. மூன்று மாதத்தில் காய்காரியிடம் பேரம் பேச ஆரம்பித்தார். குழாயடியில் இப்போது அவர் சிரிக்க, மற்றவர்கள் என்னவென்று கேட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு நாள் கோதாபாயி வந்தார். சாலின் சொந்தக்காரர், முதல் அறையில் இருப்பவர், அறுபத்தைந்து வயதுக்கு மேல். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். என்னைக் கூப்பிட்டார். நான் படித்தது மராத்திப் பள்ளி, தமிழ் அப்பா வீட்டில் சொல்லிக் கொடுத்தது. சாலில் மத்ராஸ்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் எது பேச வேண்டுமானாலும் என்னைத்தான் நிறுத்துவார்கள்.

"நான் சொல்வதை அவளிடம் அப்படியே சொல்லு. குறைக்காதே," என்றார்.

அவருக்கு அப்போது ஆறு வயது. நகரத்துக்குள் பேட்டையில் வீடு. ஒரு நாள் உத்தரத்திலிருந்து ஒரு எலி பொத்தென்று விழுந்தது. செத்த எலி. பிளேக் காலத்தில் செத்த எலி விழுந்தால் யாரும் எதையும் கேட்பதில்லை. அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுப் போனார்கள். பதினோராம் நாள் அவருக்கு அம்மா இல்லை.

"உயிருள்ள எலிக்கு நான் பயப்படவில்லை. இந்தக் கூரைமேல் தினம்தான் ஓடுகிறது. ஆனால் மேலேலா உந்தீர், செத்த எலி ஒன்று என் சாலில் விழுந்தது என்று தெரிந்தால், அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும்."

குறைக்காமல் சொன்னேன். நீலாக்கா எலிகளைப் பார்த்தார். இரண்டும் கொழுகொழுவென்று, ஒன்றன் முதுகில் ஒன்று தலை வைத்துத் தூங்கின.

"சொல்லு ரமா. செத்த எலி இந்தச் சால்ல விழாது. என் வாக்கு."

சாயங்காலம் ஜம்பு இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன நீலா இப்படி வாக்குக் குடுத்துட்ட! எலிக்கு ஆயுசே ரெண்டு வருசம். மிஞ்சினா மூணு."

நீலாக்கா பெட்டியின் மேல் சாக்கை இழுத்து மூடினார். பிறகு, "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லணும்பாங்க," என்றார். "இதையும் சேத்து சொல்லியிருக்கணும்."

அந்த வாடகைக்கு வேறு அறை அந்தப் பக்கத்தில் கிடையாது. கம்பெனி குவார்ட்டர்ஸ் பட்டியலில் ஜம்புவின் பெயர் எங்கோ கடைசியில். அதனால் அந்த வாக்கு அதற்குப் பிறகு அறையில் இன்னொரு ஆள் போலக் குடியிருந்தது. வாலு ஒரு நாள் தீனி குறைத்தாலும் நீலாக்கா கோதாபாயியின் கதவைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

மற்றபடி அவை நல்ல வருஷங்கள். பத்மநாபன் இன்னும் மூன்று தடவை கண்ணாடி துடைத்தார். அந்த எலிகளையெல்லாம் நீலாக்கா கேட்டவர்களுக்குக் கொடுத்தார். சும்மா கொடுத்துவிட மாட்டார். காட்கியிலிருந்து ருக்கையா என்று ஒரு அம்மாள் வந்தார்; கணவருக்கு அங்கே தோல் வியாபாரம், சொந்த ஊர் ஆம்பூர்.

"வீட்டுல பூனை உண்டா? பகல்ல ஆள் இருக்கீங்களா? மரத்தூள் யார் மாத்துவா?" என்று நீலாக்கா கேட்டுக்கொண்டே போனார்.

"என்னாம்மா, பொண்ணு குடுக்கற மாதிரி விசாரிக்கிற?"

"பொண்ணு குடுக்கறவங்க இவ்வளவு விசாரிச்சா எவ்வளவோ தேவலயே."

ருக்கையா சிரித்துவிட்டு, "சரி, ஒண்ணு குடு போதும்," என்றார்.

"ஒத்தையா குடுக்க மாட்டேன். ரெண்டா எடுத்துக்குங்க, இல்லன்னா வேணாம். ஒத்தையில புது எடத்துக்கு வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இரண்டாகத்தான் போயின.

1960 ஜூலையில் நெத்திக்குப் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. கண்ணோரம் சிவப்பாக நீர் கசிந்தது. ரத்தமில்லை, வயதானால் வருவதுதான் என்று ஜம்பு சொன்னார். நீலாக்கா ஈரத்துணியால் துடைத்து, கஞ்சியை விரல் நுனியில் வைத்து ஊட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அது விரலை நக்கவில்லை. மூச்சு மட்டும் சத்தமாக வந்தது.

ஜம்பு ஷிப்டுக்குக் கிளம்பி நின்றார். எங்கள் அறைக்குச் சுவர் ஒற்றைக்கல், எல்லாம் கேட்கும்.

"நான் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன் நீலா. ஒரு நிமிசத்துல முடிச்சிடுவாங்க. வலிக்காது."

"தப்பிச்சு வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பவா?"

"அப்ப இங்கயே இருக்கட்டும். முடிஞ்சதும் துணில சுத்தி, காதும் காதும் வெச்ச மாதிரி வெளிய கொண்டு போயிடுவோம். அந்தக் கெழவிக்கு என்ன தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

ஜம்பு போன பிறகு நீலாக்கா ஒரு கூடையில் பழைய சேலைத் துணியை மடித்துப் போட்டு நெத்தியைக் கிடத்தினார். வாலுவையும் பக்கத்தில் விட்டார். குடையை விரித்துக்கொண்டு மழையில் ரோட்டைத் தாண்டி, மரக்கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். கடைக்காரர் கூடைக்குள் பார்த்தார். பிறகு அறுப்பு எந்திரத்தை நிறுத்திவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்காமலே அறிவித்தார்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா காபி கொடுத்தனுப்பினார். நீலாக்கா டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை. லாரி போகும்போதெல்லாம் கூடையைத் தன் உடம்பால் மறைத்தார். சேறு அவர் முதுகில் தெறித்தது. வாலு நெத்தியின் காதை நக்கிக்கொண்டே இருந்தது.

ஆறிய காபியோடு நான் திரும்பியபோது கோதாபாயி தாழ்வாரத்து நாற்காலியிலிருந்து கேட்டார்.

"காலையிலிருந்து அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்?"

"நெத்தி சாகப் போகிறது. செத்த எலி உங்கள் சாலில் விழக்கூடாது அல்லவா?" என்றேன். பழித்துச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில்.

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அரைமணி நேரம் கழித்துக் குடையோடு வெளியே வந்து என் தோளைப் பிடித்தார். அவர் அந்த ரோட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இரண்டு லாரிகளுக்காக நின்று, மெல்லத் தாண்டினோம்.

கூடைக்கு முன்னால் நின்று பார்த்தார். "உயிர் இருக்கிறதா?"

நீலாக்கா தலையசைத்தார்.

"குடிசைக்குப் போன ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது," என்றார் கோதாபாயி. மராத்தியில், யாரையும் பார்க்காமல். "பிளேக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களை வரக்கூடாது என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் வந்து சொன்னான். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அப்பா கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை."

இதை அவர் முன்பு சொன்னதில்லை. மொழிபெயர்க்கலாமா என்று நான் தயங்கினேன். அதற்குள் அவர் நீலாக்காவிடம் நேராகச் சொன்னார்:

"கராத் ஆண் திலா."

அவளை வீட்டுக்குள் கொண்டுவா என்று சொல்ல நான் வாயைத் திறந்தபோது, நீலாக்கா கூடையோடு எழுந்துவிட்டிருந்தார்.

நெத்தி நாலு மணிக்கு, தேயிலைப் பெட்டியின் பக்கத்தில், நீலாக்காவின் மடியில் போயிற்று. கோதாபாயி உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, முடிந்தது என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஜம்பு வந்ததும் தாழ்வாரம் முழுவதையும் பினாயில் விட்டு இரண்டு தடவை கழுவ வைத்தார். மூன்றாவது தடவைக்குச் சுண்ணாம்பு. மரக்கடைக்குப் பின்னால்தான் புதைத்தார்கள். ஏன் இந்தக் கழுவல் என்று மூன்றாம் அறைக்காரர் கேட்டதற்கு, "எலி ரோட்டுக்கு அந்தப் பக்கம் செத்தது. இது சும்மா மழைச் சேறு," என்று கோதாபாயியே பதில் சொன்னார்.

வாலு தீனி எடுக்கவில்லை. பத்து நாளில் பத்மநாபனின் கண்ணாடி மறுபடி அழுக்கானது. இந்தத் தடவை வந்த குட்டிக்கு முதுகில் மஞ்சள். கோதாபாயி வாசலில் நின்று பார்த்தார்.

"இதற்கு எத்தனை மாதம்?"

"நாலு," என்றார் நீலாக்கா மராத்தியில்.

கோதாபாயி விரல் விட்டு எண்ணினார். "அப்படியென்றால் இதற்கு முன்னால் நான் போய்விடுவேன். நல்லது. பினாயில் வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை."

அவர் போகவில்லை. இப்போது 1967. நீலாக்காவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பிராணிகள் கூடாது என்ற விதியைப் படித்துவிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நெத்தியையும் வாலுவையும் சேர்த்து ஐந்து எலிகள் அந்த அறையில் வாழ்ந்து முடித்துவிட்டன. சாலில் யாரைக் கேட்டாலும், ஐந்தும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் செத்ததாகத்தான் சொல்வார்கள்.