ஹெல்கா தனிய நிக்கிற ஒரு போட்டோ

ஹெல்கா மோசம் போயிட்டாவாம்.

காலமை தேத்தண்ணியோட போனைத் திறக்கிறன், அவவின்ர நம்பரில இருந்து மெசேஜ். அவதானாக்கும் எண்டு சந்தோசமாத் திறந்தால்... தங்கச்சி செத்துப்போனா எண்டு எழுதினது அவவின்ர அண்ணா. ஜேர்மனில இருந்து.

எங்கட லிங்கநகர் ஒழுங்கை ஆக்களுக்கு ஹெல்கா ஆரெண்டு சொல்லத் தேவையில்ல. மற்றாக்களுக்குச் சொல்லுறன். எங்கட மேல் வீட்டு அறையை சீசனுக்கு வெளிநாட்டாக்களுக்கு வாடகைக்குக் குடுக்கிறனாங்கள். நிலாவெளிக்குப் போற வழியில ஒரு இரவு தங்க எண்டு வந்தவ. பிறகு ஒவ்வொரு வருசமும் வைகாசியில வந்து ஆவணி மட்டும் எங்களோடதான். அறுபது வயசு வரும். ஆனா அம்மாக்கு அவ "பிள்ளை".

அண்ணாக்காரன்ர மெசேஜை திருப்பித் திருப்பி வாசிச்சிட்டன். இங்கிலீஸ் விளங்குது. ஆள்தான் விளங்கேல்ல.

தங்கச்சிக்கு ஆக்களைக் கண்டாப் பிடிக்காதாம். நத்தார்ப் பண்டிகைக்குப் போய் பெல் அடிச்சாலும் கதவு திறக்க மாட்டாவாம், பிறகு இவரும் போறத விட்டிட்டாராம். ஆரோடயும் ஒரு மேசையில இருந்து சாப்பிட மாட்டாவாம். போட்டோ எடுக்க விடவே மாட்டாவாம். வெள்ளிக்கிழமை அடக்கம், பெட்டிக்குப் பக்கத்தில வைக்க ஒரு படம் கூட இல்லையாம். உங்களிட்ட அவள் தனிய நிக்கிற போட்டோ ஒண்டு இருக்குமா எண்டு கேட்டிருக்கிறார்.

ஆரைப் பற்றிக் கதைக்கிறார் இந்த மனுசன்?

எங்கட ஹெல்கா வந்த அடுத்த நாள் விடிய, பக்கத்து வீட்டில மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு லவுட் ஸ்பீக்கர் போட்டிட்டினம். போச்சு, ரிவியூவில கிழிக்கப் போறா எண்டு மன்னிப்புக் கேக்க மேல ஏறினால்... ஆள் பல்கனியில நிண்டு ஆடுறா.

பக்கத்து வீட்டு அன்ரி விடுவாவே. இழுத்துக்கொண்டு போயிட்டா. அம்மா தன்ர சீலை ஒண்டை உடுத்தி விட்டா. சட்டை அளவில்ல, ரீ-சேட்டுக்கு மேலயே சுத்தினது. கையில ஒரு பலகாரத் தட்டு வேற.

அண்டைக்குத் தொடங்கினது. பிறகு எங்கட ஒழுங்கையில ஹெல்கா இல்லாத அல்பம் கிடையாது. கலியாணம், புது வீடு குடிபூரல், பிறந்தநாள்... சொந்தக்காரருக்குச் சொல்ல மறந்தாலும் ஹெல்காக்குச் சொல்ல மறக்க மாட்டினம்.

என்னோட வேலை செய்யிற ஃபஸ்மியாவின்ர தங்கச்சி கலியாணத்துக்கு கிண்ணியாவுக்கும் கூட்டிக்கொண்டு போனனான். சஹன் வச்சினம். ஒரு பெரிய தட்டு, சுத்தி இருந்து எல்லாரும் அதில இருந்தே கையால சாப்பிடுறது. எனக்கே முதல் கொஞ்சம் கூச்சம். ஹெல்கா சப்பாணி கட்டி இருந்து, பக்கத்தில இருந்த உம்மா பிச்சுப் போடப் போட இறைச்சியை எடுத்து எடுத்துச் சாப்பிட்டவ.

அந்தப் படமும் இருக்கு. ஆனா மற்றப் பெண்டுகளின்ர முகம் இருக்கிறதால வெளியில குடுக்கேலாது.

சரி, அதெல்லாத்தையும் விடுங்கோ. என்னைப் போட்டுக் குழப்புறது வேற ஒண்டு.

ஒவ்வொரு வருசமும் அவ வெளிக்கிடேக்க அம்மா பயத்தம் உருண்டை செய்து "உன்ர அண்ணாக்குக் குடு" எண்டு பெட்டிக்குள்ள வச்சு விடுறவ. திரும்பி வந்தால் அம்மா கேக்கிற முதல் கேள்வி, அண்ணா சாப்பிட்டவரோ எண்டுதான். நான்தான் நடுவில நிண்டு இங்கிலீசில சொல்லுறது. ஓம், அவருக்கு நல்ல விருப்பம், இன்னும் கொஞ்சம் இனிப்புக் கூடினால் நல்லமாம் எண்டு ஹெல்கா சொல்லுவா. அம்மாவும் அந்த ஆளுக்காக சீனியைக் கூட்டினவ.

அண்ணாக்காரன் எழுதியிருக்கிறார்... தங்கச்சியைக் கண்ணால கண்டே பத்து வருசத்துக்கு மேலயாம்.

அப்ப அவ்வளவு உருண்டையும்? ஏன் ஹெல்கா? அண்ணாவோட கதைக்கிறேல்ல எண்டு சொல்லியிருந்தால் நாங்கள் என்ன, ஏசவா போறம்? கோவமும் வருகுது, அழுகையும் வருகுது, எது முதல் வருகுதெண்டு தெரியேல்ல.

ஹெல்கா மோசம் போனதை அம்மாட்டச் சொல்லிட்டன், இந்த உருண்டைக் கதையை இன்னும் சொல்லேல்ல. அவ முகநூல் பார்க்கிறேல்ல. ஒழுங்கைச் சனம், தயவு செய்து வாயை விட்டிடாதேங்கோ.

பின்னேரம் முழுக்க போட்டோ தேடினன். ஹெல்கா இருக்கிறா, எக்கச்சக்கம். தனிய மட்டும் ஒண்டும் இல்ல. ஒரு பக்கம் பிள்ளையள் தொங்குதுகள், மற்றப் பக்கம் ஆரோ பூ வைக்கினம்.

கடைசியா போன வருசம் நிலாவெளிக் கடற்கரையில எடுத்த ஒண்டு அம்பிட்டுது. காத்துக்குத் தலைமயிர் பறக்க, வாய் விட்டுச் சிரிக்கிறா. பக்கத்தில அம்மா, அலைக்குப் பயந்து அவவின்ர தோளை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு.

அம்மாவை வெட்டினன். முகம் போச்சு, சீலை போச்சு. தோளில இருக்கிற கை மட்டும் போகுதில்ல. ஸ்ரூடியோவில குடுத்தால் அழிச்சுத் தருவினம், குடுப்பமா எண்டு அம்மாட்டக் கேட்டன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

"கிடக்கட்டும் பிள்ளை. அவ அங்க தனியப் போய் என்ன செய்யிறது."

அப்பிடியே அனுப்பிட்டன்.

இப்ப பதில் வந்திருக்கு. ஒரே ஒரு வரி. "இது ஆரின்ர கை?"

எழுதி எழுதி அழிச்சுக்கொண்டு இருக்கிறன். வாடகைக்கு அறை குடுத்த வீட்டுக்காரியின்ர கை எண்டு எழுத மனம் வருகுதில்ல. வேற என்னெண்டு எழுதுறது எண்டும் தெரியேல்ல.

ஹெல்கா... ஆறுதலா நித்திரை கொள்ளுங்கோ. அம்மா குசினிக்குள்ள இருந்து அழுகிறா, நான் அவவிட்டப் போறன்.