கழுவாத தொட்டி

எங்கள் தெருவில் யாரும் கங்காதரனிடம் மணி கேட்க மாட்டார்கள். அவன் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கி ஓடும். அதைச் சொன்னால், ஊரில் உள்ள கடிகாரமெல்லாம் பத்து நிமிஷம் முந்திப் போகிறது என்பான், கம்பெனிச் சங்கையும் சேர்த்து. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் நாலாவது காலைக் கையில் கொடுத்தாலும் வாங்க மாட்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. அவன் டர்னர், லேத்தில் நிற்பான். நான் ஸ்டோரில். மண்ணூர்பேட்டையில் எதிரெதிர் வீடு. இருபது வருஷம் ஒன்றாகச் சைக்கிள் மிதித்தோம். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அவனுடைய அப்பா அந்த மண்ணில்தான் கூலிக்கு ஏர் ஓட்டினார். அதே இடத்தில் தான் இரும்பு கடைவதில் கங்காதரனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதைவிடப் பெரிய பெருமை அவனுடைய ஒரே மகள் பேபி.

பேபி பத்தாவது முடித்துவிட்டு, எஸ்டேட்டிலேயே ரேடியோ பாகங்கள் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் போனஸ் வந்ததும் மற்றப் பெண்கள் புடவைக் கடைக்குப் போனார்கள். இவள் மீன் தொட்டி வேண்டும் என்றாள். கங்காதரன் இரும்புப் பட்டைகளை அளந்து வெட்டித் தானே சட்டம் செய்தான். நாலு பக்கமும் கண்ணாடி வைத்துப் பூசி, கிழக்கு ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினான். கப்பி மீன்கள், நாலு கறுப்பு மோலி, இரண்டு ஏஞ்சல் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை பேபி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மீன்களை வாளிக்கு மாற்றி, பழைய பிளேடால் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டி, கல்லுப்பு போட்டுத் தேய்ப்பாள். "நைனா, தண்ணி மொண்டுகினு வா!" என்று அங்கிருந்தே அதட்டுவாள். போர்மேன் கூப்பிட்டாலே ஆற அமரத் திரும்புகிறவன், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

எண்பத்தொன்பது தை மாசம் அவள் வீட்டை விட்டுப் போனாள். கூட வேலை பார்த்த தேவராஜ், பட்டாபிராம் பையன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. சாதிதான் வேறு. முறையாக வந்து பெண் கேட்டான். கங்காதரன் செருப்பைத் தேடினான். அடுத்த வெள்ளிக்கிழமை டூட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய பேபி, பதிவாளர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, சாயங்காலம் மாலையும் கழுத்துமாகத் தெருமுனை வரை வந்தாள். இவன் வாசலில் நின்று, "எனக்குப் பொண்ணே இல்ல, போ!" என்று கத்தினான். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். நான் என் வீட்டு வாசலிலேயே நின்றேன். நடுவில் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

தலைமுழுகிவிட்டேன் என்று கோபத்தில் எல்லாரும்தான் சொல்வார்கள். இவன் செய்தே காட்டினான். தெருக்குழாயடியில் உட்கார்ந்து, தெரு முழுக்கப் பார்க்க, குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டான். பிறகு மனைவி வேம்புலியம்மாளைக் கூப்பிட்டு, வீட்டைக் கழுவிவிடச் சொன்னான்.

எங்கள் பக்கம் வீட்டிலிருந்து பிணம் போனால்தான் உடனே வீட்டைக் கழுவுவார்கள். அதனாலேயே, உயிரோடு ஒருவர் வெளியூர் கிளம்பிப் போனால், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை தண்ணீர் விட்டுக் கழுவ மாட்டோம். பெருக்குவதற்கே யோசிப்பார்கள். இதெல்லாம் கங்காதரனுக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் சொன்னான்.

"உசுரோட போனவளுக்கு ஊட்டக் கயுவச் சொல்றியே, நீயெல்லாம் மன்சனா?" என்றாள் வேம்புலியம்மாள். அவன் குரல் ஏறியது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே கூடம், சமையல் கட்டு, வாசல் எல்லாம் கழுவினாள். கடைசியில் பேபி வைத்திருந்த பிளேடையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மீன் தொட்டிப் பக்கம் போனாள்.

"அத்த வுடு," என்றான் கங்காதரன். தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "மீனு இன்னா பண்ணுச்சு உன்ன? வுடுன்றேன்."

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீன் மேல் இரக்கம் என்று நினைத்தேன்.

மாசி, பங்குனி போயிற்று. தொட்டியின் பின் கண்ணாடியில் முதலில் ஒரு பச்சை மங்கல் விழுந்தது. பிறகு மூலைகளில் நூல் நூலாகப் பாசி இறங்கியது. காலை வெயில் நேராக அதன்மேல்தான் அடிக்கும். போதாததற்கு இவன் வேலைக்குப் போகும்முன் ஒரு பிடி, வந்ததும் ஒரு பிடி என்று தீனியைக் கொட்டினான். மீன் தின்றது பாதி, பாசிக்குப் போனது மீதி. ஆடி பிறப்பதற்குள் தண்ணீர் கீரை கடைந்ததுபோல் ஆகிவிட்டது. மீன்கள் கண்ணாடியை ஒட்டி வந்தால்தான் உண்டு என்று தெரியும்.

நாங்கள் சும்மா இருப்போமா? "இன்னா மாமே, தொட்டில கீரையா போட்டுகீற?" என்று கம்பெனியில் கேட்போம். "பாசி மீனுக்கு நல்லதுடா. உனுக்கு இன்னா தெரியும்?" என்பான்.

ஆனால் உள்ளுக்குள் அவனுக்குப் பயம் இருந்திருக்கிறது. வில்லிவாக்கத்தில் வண்ண மீன் விற்கும் தங்கவேலிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் நத்தை விடச் சொன்னார். பத்து நத்தை வாங்கி விட்டான். அவை தின்ற வேகத்தைவிடப் பாசி வளர்ந்த வேகம் அதிகம். வெயில் படாமல் மூடச் சொன்னார். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினான். ஒரு வாரத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. உடனே இவன் துணியை அவிழ்த்துவிட்டு மணிக்கணக்காக மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுபடியும் பச்சை. தீனியைக் குறைக்கச் சொன்னார். அது இவனால் ஆகவில்லை.

ஒரு நாள் தங்கவேலுக்கே பொறுக்கவில்லை. நானும் கூட இருந்தேன். "அண்ணாத்தே, எல்லாம் சரி. ஒரு தபா பாதித் தண்ணிய எறக்கிட்டு, கண்ணாடியச் சொரண்டிக் கயுவு. அத்த மட்டும் செய்யாம, மீதியெல்லாம் செய்ற. இன்னாத்துக்கு?"

கங்காதரன் சைக்கிளை எடுத்தான். பாடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே, அவனாகச் சொன்னான்.

"கொணா, மொத்த ஊட்டையும் கயுவிட்டேன். செத்தவளுக்குக் கயுவுற மாதிரி கயுவிட்டேன். அந்தத் தொட்டி ஒண்ணாவது கயுவாம இருக்கட்டும்டா. அதுக்காவது அவ ஊருக்குப் போயிகீறான்னு இருக்கட்டும்."

குணசேகரனாகிய எனக்கு ஊரில் வாயாடி என்று பெயர். அன்றைக்கு என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகு கீரைப் பேச்சை நான் எடுக்கவில்லை. மற்றவர்களையும் எடுக்க விடவில்லை.

வேம்புலியம்மாள் அதற்குள் செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எந்தக் கோயிலுக்கும் பையில் முருங்கைக்காயும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு ரயிலில் போக மாட்டார்கள். கங்காதரனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வந்ததும் கேட்பான்: "சாமி எப்டி கீது?"

"எளச்சிப் போய் கீது."

"சாப்புடுதா?"

"ரெண்டு வேளை சாப்புடுது. உனுக்கு இன்னா அதப் பத்தி?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த செவ்வாய்க்கிழமை பையில் கொஞ்சம் பழமும் சேர்ந்திருக்கும். யார் வாங்கி வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. தொண்ணூறு மார்கழியில்தான் அவள், அவன் கேட்கும் முன்பே, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சாமிக்கு எட்டாவது மாசம்," என்றாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

தை பிறந்ததும் தொட்டியில் ஏஞ்சல் இரண்டும் மிதந்தன. அதைத் தொடர்ந்து கப்பிகள். கடைசியில் இரண்டு மோலி மட்டும் தண்ணீருக்கு மேலே வாயை வைத்துக்கொண்டு காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. தங்கவேல் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் தாங்கினால் பெரிசு, இப்போதாவது கழுவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே கங்காதரன் என் வாசலில் நின்றான். கையில் தூக்குப் பாத்திரம். மூடியைத் திறந்து காட்டினான். பச்சைத் தண்ணீரில் அந்த இரண்டு மோலிகள்.

"பட்டாபிராம் வரியாடா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். "மீனக் குடுத்துட்டு வந்துருவேன்," என்றான். ஆவடியில் கூட்டம் இறங்கியபோது, "அவ ஊட்ல இருந்தா, வான்னு சொல்லலாமா?" என்றான். நான் சொல்லு என்றேன். பட்டாபிராமில் இறங்கியதும் நடை தளர்ந்துவிட்டது. வேம்புலியம்மாள் அடையாளம் சொல்லியிருந்ததால் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

பேபிதான் கதவைத் திறந்தாள். பெரிய வயிறு. முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "வா மாமா," என்றாள். அவனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"மீனு சாவுது," என்றான் கங்காதரன். "நீ வந்து தொட்டிய..."

"செத்துப்போனவ எப்டி வந்து கயுவுவா?" என்றாள் பேபி. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். "தெரு பாக்க தல முயுவின இல்ல? தெரு பாக்கக் கூப்டு. வரேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த வாய் அந்த வார்த்தைக்குப் பழகவில்லை. தூக்கை நீட்டினான். அவள் வாங்கி மூடியைத் திறந்தாள்.

"தண்ணி இன்னா இப்டி கீது? கயுவவே இல்லியா?"

"இல்ல."

"எப்போலேந்து?"

"நீ போனதுலேந்து."

பேபி நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் மண்ணூர்பேட்டையில் பிறந்தவள்தானே. எப்போது கழுவுவார்கள், எப்போது கழுவ மாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"மீனு ரெண்டும் இங்க இருக்கட்டும்," என்றாள். "நீ போய்க் கயுவு. ஒண்ணும் ஆவாது. நான் உசுரோடதான் கீறேன் நைனா."

உள்ளே வரச் சொல்லவில்லை. எப்போது வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது நின்ற பிறகுதான் அவன் படியை விட்டு இறங்கினான்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவன் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்து கல்லூரி ஸ்டேஷன் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"கொணா, கடைசியா நைனான்னு சொன்னா இல்ல? உன் காதுல வுயுந்துச்சா?"

"வுயுந்துச்சுடா."

ஆவடியில் மறுபடியும் கேட்டான். அம்பத்தூரில் ஒரு தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்த்து, விழுந்தது என்று சொன்னேன்.