காருக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த ரெமிஜியஸ், 1948இல் ஒரு காருக்குச் சொந்தக்காரரானார். அல்சூரில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, பழைய ஆஸ்டினை ஷெட்டிலேயே விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு ஷெட் காலியாக வேண்டியிருந்தது. காருக்குள் கோழிகள் குடியிருந்தன. கோழிகளை அவர்கள் வைத்துக்கொண்டு காரை ரெமிஜியஸிடம் கொடுத்தார்கள்.

இரண்டு மாடுகள் அதை ஜோகுபாளையத்துக்கு இழுத்து வந்தன. அவர் மனைவி பெர்னதெத் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப எதுக்குங்க?"

"ஓட வெக்கலாம்னு."

அவருக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளில் கிராமப்புறம் சுற்றுவது இருவருக்கும் வழக்கம். அவர் மிதிப்பார், அவள் கேரியரில் உட்கார்ந்திருப்பாள். கார் வந்தபின், உதிரி பாகம் தேடி, எந்த ஊரில் பழைய வண்டி துருப்பிடித்துக் கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். மாலூர் பக்கம் லட்சுமம்மா என்பவளின் வீட்டில் ஒரு ஹெட்லைட் கிண்ணம் இருந்தது. அதில் நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"நாய்க்கு வேற பாத்திரம் கொண்டாங்க, பாக்கலாம்" என்றாள் லட்சுமம்மா.

அடுத்த வாரம் எனாமல் பேசின் கொண்டுபோனார்கள். நாய் அதில் குடிக்கும்வரை அவள் கிண்ணத்தைத் தரவில்லை. திரும்பும் வழியெல்லாம் பெர்னதெத் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டி மாட்டிப் பார்த்ததில், 1956இல், ஈஸ்டருக்கு முந்தின வாரம், இன்ஜின் உயிர்பெற்றது. தெருவே கூடிவிட்டது. யார் ஓட்டப்போகிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். அதை அதுவரை இருவரும் யோசித்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டு டாக்சி டிரைவர் அலெக்சாண்டர் கற்றுக்கொடுக்க வந்தார். நேர் ரோட்டில் ரெமிஜியஸ் நன்றாகவே ஓட்டினார். வளைவு வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பாமல், சைக்கிளில் சாய்வதுபோல உடம்பை மட்டும் சாய்த்தார். கார் நேராகப் போய் ஒரு வைக்கோற்போரில் நின்றது. மறுநாள் இன்னொரு வைக்கோற்போர்.

"அண்ணே, உங்களுக்கு சைக்கிள்தான் சரி" என்றார் அலெக்சாண்டர்.

இரண்டு நாளும் பின்சீட்டிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த பெர்னதெத் கேட்டாள்: "நான் ஒருக்கா பாக்கட்டுமா?"

ரெமிஜியஸ் இறங்கி ரோட்டோரம் நின்றார். முகம் சரியாக இல்லை. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கியர் போட்டாள். கார் ஒழுங்காக வளைந்து, புளியமரத்தைச் சுற்றித் திரும்பி வந்தது. தன் கார் ஓடுவதை அவர் அப்போதுதான் வெளியிலிருந்து பார்த்தார். எட்டு வருஷம் அவர் பார்த்ததெல்லாம் நின்றுகொண்டிருந்த காரைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை ஜாஸ்தி என்றார்.

பெர்னதெத் லைசென்ஸ் வாங்கினாள். அதன்பின் ஞாயிறுதோறும் அவள் காரில் போனாள், அவர் பின்னால் சைக்கிளில் போனார். உள்ளே உட்கார்ந்தால் சத்தம் சரியாகக் கேட்பதில்லை, சக்கரம் சுற்றுவதும் தெரிவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். காரும் அப்படியொன்றும் வேகமாகப் போகாது. மேட்டில் அவரே முந்திவிடுவார்.

ஒசகோட்டை தாண்டி ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தினார். ஊரை விட்டு ஓடும் பெண்ணை யாரோ துரத்துகிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"பின்னாடி வர்றது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு."

"வண்டியில எடம் இல்லியா?"

"இருக்கு சார். அவருக்கு வண்டியப் பாக்கணுமாம்."

போலீஸ்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

ஏரிக்கரையில் நிறுத்தி, காரின் ஃபுட்போர்டில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டார்கள்.

"செகண்ட் கியர்ல லேசா இருமுது" என்றார் ரெமிஜியஸ்.

"ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு" என்றாள் பெர்னதெத்.